பட்டச் சான்றிதழ் தொலைந்துவிட்டது, படித்த கல்லூரியும் இப்போது இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

மேட்டூர்க்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சிக்காகக் கேட்கிறேன். அவள் 2007-இல் கோவைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பி.இ. சேர்ந்து 2011-இல் முடித்தாள். போன மாதம் கோவையிலிருந்து சேலம் வரும் பேருந்தில் ஃபைல் வைத்திருந்த பை காணாமல் போய்விட்டது. பட்டச் சான்றிதழ், எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்கள், டி.சி. எல்லாம் அதில்தான் இருந்தன. டிப்போவில் விசாரித்தோம், கண்டக்டரையும் பார்த்துக் கேட்டோம், கிடைக்கவில்லை. வீட்டில் மிச்சம் இருப்பது பட்டச் சான்றிதழின் ஒரு ஜெராக்ஸ் மட்டும். அதுவும் ஓரமெல்லாம் மங்கல்.

துபாயில் அவளுக்கு ஒரு வேலை உறுதியாகியிருக்கிறது. அட்டெஸ்டேஷன் (அரசு முத்திரைகளோடு சான்றொப்பம்) முடித்த பட்டச் சான்றிதழ் கேட்கிறார்கள். அவள் படித்த கல்லூரியை மூடிவிட்டார்கள். சான்றிதழில் 'அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கோயம்புத்தூர்' என்று இருக்கிறது. அந்தப் பெயரில் இப்போது பல்கலைக்கழகமே கிடையாது. இதற்கிடையில் ஒரு ஏஜென்ட், "போலீஸ், அஃபிடவிட் எதுவும் வேண்டாம், பதினைந்து நாளில் ஒரிஜினலே வாங்கித் தருகிறேன்" என்று முன்பணம் கேட்கிறார். என்ன செய்யலாம்?

பழைய_பேரேடு:

தம்பி, முதலில் அந்த ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். போலீஸ் சான்றும் அஃபிடவிட்டும் (உறுதிமொழிப் பத்திரம்) இல்லாமல், தொலைந்த பட்டத்தின் மறுபிரதி எந்தப் பல்கலைக்கழகத்திலும் நேர்வழியில் கிடைக்காது. அப்படி ஒருவர் 'வாங்கி' வருகிறார் என்றால் அது அச்சகத்தில் அடித்த தாளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். துபாய் நிறுவனம் பல்கலைக்கழகத்துக்கு எழுதிச் சரிபார்க்கும்போது போலி என்று வந்தால் வேலை போவதோடு நிற்காது, குற்ற வழக்கில் கொண்டுபோய் விடும். உழைத்துப் படித்து வாங்கிய பட்டம் அந்தப் பெண்ணுடையது. அவளைப் போலிச் சான்றிதழ் வைத்திருந்தவளாக ஆக்கிவிடாதீர்கள்.

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கல்லூரி மூடியதையும் பெயர் மாறியதையும் நினைத்துக் கவலைப்பட வேண்டாம். 2001-க்கு முன் நம் மாநிலத்துப் பொறியியல் கல்லூரிகள் அந்தந்த வட்டாரப் பல்கலைக்கழகங்களின் கீழ் இருந்தன: சென்னை, பாரதியார், பாரதிதாசன், மதுரை காமராசர், மனோன்மணியம் சுந்தரனார் என்று. பிறகு எல்லாம் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. 2007-இல் அதைக் கோவை, திருச்சி, திருநெல்வேலி என்று பிரித்தார்கள், பின்னால் மதுரையும் சேர்ந்தது. 2012-இல் எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாக்கிவிட்டார்கள். ஆகவே உங்கள் தங்கையின் பட்டத்துக்கு இப்போது பொறுப்பு கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழகம்தான். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் அலுவலகத்தை அணுகுங்கள். விண்ணப்பப் படிவமும் கட்டண விவரமும் அவர்கள் இணையதளத்தில் இருக்கும். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் நான் இங்கே தொகை எழுதவில்லை.

நீங்கள் கையில் வைத்திருந்தது ஒரு தாள். அதன் மூலப் பதிவு தேர்வுப் பிரிவில் இருக்கிறது. ஒவ்வொரு தேர்வுக்கும் டேபுலேஷன் ரெஜிஸ்டர் உண்டு. பதிவு எண் வரிசையில் ஒவ்வொரு மாணவரின் ஒவ்வொரு தாளின் மதிப்பெண்ணும் அதில் ஏறியிருக்கும். பட்டத்துக்கு வேறு பதிவேடு: பெயர், பதிவு எண், பாடப்பிரிவு, வகுப்பு, எந்தப் பட்டமளிப்பு விழாவில் வழங்கியது, சான்றிதழின் வரிசை எண். கல்லூரி மூடினாலும் இவை பல்கலைக்கழகத்தில் அப்படியே இருக்கும்.

அதனால் வீட்டில் முதலில் தேட வேண்டியது பதிவு எண். பழைய ஹால் டிக்கெட், மின்னஞ்சலில் கிடக்கும் ரிசல்ட், முன்பு வேலைக்குச் சேர்ந்த நிறுவனத்தில் கொடுத்த நகல், வங்கியில் கல்விக் கடன் வாங்கியிருந்தால் அந்த ஃபைல், எதிலாவது இருக்கும். எண் தெரிந்தால் பேரேட்டை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, வரியில் விரல் வைத்துவிடலாம். தெரியாவிட்டால் பெயரை வைத்துத் தேட வேண்டும். ஒரே வருடத்தில், ஒரே துறையில், ஒரே இனிஷியலில் எத்தனை பிரியா, எத்தனை கார்த்திகா இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நாங்கள் அப்பா பெயர், பிறந்த தேதி, கல்லூரிக் குறியீடு எல்லாம் ஒப்பிட்டுத்தான் உறுதி செய்வோம். தாமதத்துக்குப் பாதிக் காரணம் இதுதான், வெளியே இருப்பவர்களுக்கு அது தெரியாது.

வழக்குரைஞர்_திருச்சி:

பேரேடு சார் சொன்னதோடு சேர்த்து, போலீஸ் வேலையை எப்படிச் செய்வது என்று எழுதுகிறேன். இங்கேதான் பலரும் நாள் கடத்துகிறார்கள்.

தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் தொலைந்த ஆவணங்களுக்கான அறிக்கை பதிவு செய்யலாம். எல்.டி.ஆர். என்பார்கள். பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்களுக்கு அதில் இடம் உண்டு. பதிந்ததும் எண்ணோடு ஒரு தாள் வரும், அச்சிட்டு வையுங்கள். ஆனால் அது நீங்கள் சொன்னதைப் பதிந்துகொண்டதற்கான அத்தாட்சி மட்டுமே. அதன் பேரில் யாரும் விசாரிக்க மாட்டார்கள். பல பல்கலைக்கழகங்கள் 'தேடியும் கிடைக்கவில்லை' என்று இன்ஸ்பெக்டர் கையெழுத்திட்ட சான்றைத்தான் கேட்கின்றன. 'நான்-டிரேசபிள் சர்டிபிகேட்' என்று படிவத்தில் இருப்பது அதுதான். அது வேண்டுமானால் காவல் நிலையத்தில் மனுவாகவே கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றுப் பதிந்ததற்கான ரசீது) வாங்குங்கள். கொஞ்ச நாள் கழித்துக் கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று தருவார்கள்.

மனுவில் 'சான்றிதழ்கள் தொலைந்தன' என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள். பட்டச் சான்றிதழ், எந்தெந்த செமஸ்டர் பட்டியல், டி.சி., பதிவு எண், பல்கலைக்கழகத்தின் பெயர், வருடம் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். மனுவில் இல்லாத ஆவணம் சான்றிலும் வராது. சான்றில் வராததற்கு மறுபிரதி கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்புறம் அந்த ஒரு தாளுக்காக நிலையத்துக்கு முதலிலிருந்து அலைய வேண்டும்.

அதோடு நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம். சில பல்கலைக்கழகங்கள் நாளிதழில் விளம்பரமும் கேட்கின்றன. கேட்டால் மட்டும் கொடுங்கள், முன்கூட்டிச் செலவு செய்ய வேண்டாம்.

கோவை_கிருத்திகா:

ஒரு சந்தேகம். இப்போதுதான் எல்லாம் டிஜிலாக்கரில் (அரசின் மின்னணு ஆவணப் பெட்டகம்) இருக்கிறதே? சட்டப்படி ஒரிஜினலுக்குச் சமம் என்றும் சொல்கிறார்கள். எதற்கு இவ்வளவு அலைச்சல்? நான் 2022-இல் முடித்தேன். என் பட்டத்தை அதிலேயே எடுத்து வேலைக்குக் கொடுத்தேன், யாரும் மறுபேச்சு பேசவில்லை.

வழக்குரைஞர்_திருச்சி:

சட்டம் பற்றி நீங்கள் சொல்வது சரிதான் அம்மா. டிஜிலாக்கருக்கான 2016 விதிகளும் 2017 திருத்தமும் அதில் 'வழங்கப்பட்ட' ஆவணத்தை மூல ஆவணத்துக்குச் சமமாக வைக்கின்றன. ஆனால் 'வழங்கப்பட்ட' என்ற சொல்லைக் கவனியுங்கள். பல்கலைக்கழகம் தன் பதிவேட்டிலிருந்து நேரடியாக ஏற்றியதற்குத்தான் அந்தத் தகுதி. நாமே ஸ்கேன் செய்து ஏற்றி வைத்தது வெறும் சேமிப்பு. இரண்டும் ஒரே செயலியில் இருப்பதால் குழப்பம் வருகிறது.

பழைய_பேரேடு:

இன்னொன்று. அண்மை வருடப் பட்டங்கள் தேசியக் கல்வி ஆவணக் களஞ்சியம் வழியாக டிஜிலாக்கரில் ஏறியிருக்கும். பழைய ஆண்டுகள் எவ்வளவு ஏறியிருக்கின்றன என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடும். தங்கையின் ஆதாரில் உள்ள பெயரையும் பதிவு எண்ணையும் வைத்து ஒரு முறை தேடிப் பாருங்கள், செலவு எதுவும் இல்லை. கிடைத்தால் பதிவு எண், வகுப்பு, வருடம் எல்லாம் உறுதியாகிவிடும், விண்ணப்பத்துக்கே பெரிய உதவி. ஆனால் வளைகுடா அட்டெஸ்டேஷனுக்கு முத்திரை குத்த ஒரு தாள் வேண்டும். அங்கே மறுபிரதிதான் வழி.

ஷார்ஜாவாசி:

ஆமாம், அதையே சொல்ல வந்தேன். இங்கே பல வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து வரும் பிள்ளைகள் இந்த ஒரு தாளுக்காகப் படும் பாடு எனக்குத் தெரியும்.

அப்போஸ்டில் என்பது ஒரு நாட்டு ஆவணத்தை மற்ற உறுப்பு நாடுகள் ஒரே முத்திரையில் ஏற்கும் ஏற்பாடு. ஐக்கிய அரபு அமீரகம் அந்த உடன்படிக்கையில் இல்லை. இந்தியா 2005-இல் சேர்ந்துவிட்டது. அதனால் ஐரோப்பா போகிறவர்களுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் ஒட்டியதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். சவுதி 2022-இல் சேர்ந்தது, கனடாவில் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அமீரகத்துக்கு அப்படி இல்லை. முதலில் மாநில அளவில், நம் ஊர்ப் பட்டத்துக்கு அது சென்னையில் உயர்கல்வித் துறை. அப்புறம் டெல்லியில் நம் வெளியுறவு அமைச்சகம். அப்புறம் அமீரகத் தூதரகம். கடைசியாக இங்கே வந்ததும் அமீரகத்தின் வெளியுறவு அமைச்சகம். வரிசை மாறக்கூடாது. சென்னை முத்திரை இல்லாமல் டெல்லிக்கு அனுப்பினால் அப்படியே திரும்பி வரும்.

மறுபிரதி வந்ததும் லேமினேட் செய்துவிடாதீர்கள். இதை எவ்வளவு சொன்னாலும் தகும். முத்திரையும் ஸ்டிக்கரும் தாளின் பின்பக்கத்தில் வரும். பிளாஸ்டிக் மேல் அவை நிற்காது, வாங்கவும் மாட்டார்கள். லேமினேஷனைப் பிரிக்கப் போய் அச்சு பிளாஸ்டிக்கோடு உரிந்து வந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் மடிக்காமல் வைத்தால் போதும்.

இன்னொன்று, தங்கச்சியின் வருங்கால நிறுவனத்துக்கு இப்போதே மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள். "சான்றிதழ் தொலைந்தது, எல்.டி.ஆர். எண் இது, மறுபிரதிக்கு விண்ணப்பித்த ரசீது இது" என்று இணைத்து அனுப்பினால் சேரும் தேதியைத் தள்ளித் தருவார்கள். மறைத்தால்தான் சந்தேகம் வரும்.

மேட்டூர்க்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஏஜென்டிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பழைய லேப்டாப்பில் ஆறாவது செமஸ்டர் ரிசல்ட் கிடைத்தது, அதில் பதிவு எண் இருக்கிறது! பேரேடு சார், இன்னொன்று கேட்க வேண்டும். மறுபிரதியில் 'டூப்ளிகேட்' என்று போடுவார்களாமே. அதைப் பார்த்தால் வேலை கொடுக்கிறவர்கள் குறைவாக நினைக்க மாட்டார்களா? அம்மா அதையே சொல்லி வருத்தப்படுகிறார்.

பழைய_பேரேடு:

அம்மாவிடம் சொல்லுங்கள், அந்த முத்திரை பட்டத்தின் மதிப்பைத் துளியும் குறைக்காது. ஒரே பட்டத்துக்கு இரண்டு தாள் வெளியே இருக்கின்றன என்பதைப் பதிவு செய்வதற்காகப் போடுவது அது. தொலைந்த தாள் நாளைக்கு வேறு யார் கையிலாவது சிக்கி, பெயரை மாற்றிப் பயன்படுத்தினால் பிடிப்பதற்கும் அதுதான் உதவும். சரிபார்ப்புக்கு எழுதும் நிறுவனத்துக்குப் பல்கலைக்கழகம் தரும் உண்மைத்தன்மைப் பதில் இரண்டுக்கும் ஒன்றேதான். மறுபிரதியோடு பணியில் சேர்ந்து ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும்.

மதிப்பெண் பட்டியல்களுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். ஒவ்வொரு செமஸ்டருக்கும் தனித்தனியாக வாங்குவதா, எல்லாம் சேர்ந்த ஒருங்கிணைந்த பட்டியல் போதுமா என்று நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். பின்னால் கனடா, ஆஸ்திரேலியா யோசனை இருந்தால் டிரான்ஸ்கிரிப்ட் (படித்த பாடங்கள், மதிப்பெண்களின் முழு விவரப் பட்டியல்) வேறு. அதைப் பல்கலைக்கழகமே உறையிலிட்டு முத்திரை வைத்தோ இணைய வழியிலோ, பட்டத்தை மதிப்பிடும் அந்த நாட்டு நிறுவனத்துக்கு அனுப்பும். உறையை நாம் பிரித்துவிட்டால் செல்லாது.

பள்ளிக்கரணை_பத்மா:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், ஆனால் இதைப் படிக்கிற யாருக்காவது பயன்படும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தரைத்தள வீட்டில் இடுப்பளவு தண்ணீர். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த என்னுடைய பி.காம்., கணவரின் டிப்ளமோ, மாமனாரின் பழைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் எல்லாம் கூழாகிவிட்டன. மொட்டை மாடியில் காயவைத்தேன். மதிப்பெண் பட்டியல் ஓரளவு தேறியது. பட்டச் சான்றிதழில் பதிவாளர் கையெழுத்தின் மை பரவி நீலமாகிவிட்டது.

இயற்கைப் பேரிடரில் போனால் போலீஸிடம் போக வேண்டியதில்லை. கல்விச் சான்றுகள் பேரிடரில் அழிந்ததற்கு வருவாய்த்துறை தனியாகவே ஒரு சான்றிதழ் தருகிறது, இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மிக்ஜாம் சமயத்தில் உயர்கல்வித் துறை ஒரு இணையதளம் தொடங்கிக் கட்டணம் இல்லாமல் நகல் தர ஏற்பாடு செய்தது. 2015 வெள்ளத்துக்குப் பிறகும் சிறப்பு முகாம்கள் நடந்தன. இப்படி அறிவிப்பு வரும்போது தள்ளிப் போடாமல் விண்ணப்பித்துவிடுங்கள். சலுகை எப்போதும் இருக்காது.

நனைந்த தாளைத் தூக்கிப் போடாதீர்கள். சிதைந்த சான்றிதழை ஒப்படைத்து மறுபிரதி கேட்பது, தொலைந்ததற்குக் கேட்பதைவிட எளிது. வரிசை எண் தெரிந்தாலே போதும்.

தென்காசி_மீனாட்சி:

எனக்கும் ஒரு கேள்வி. என் பட்டத்தில் 'எஸ். மீனாட்சி' என்று இனிஷியலோடு இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து எழுதியிருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் பெயர். மூன்றும் மூன்று மாதிரி. மறுபிரதி வாங்கும்போது பட்டத்தில் பெயரை மாற்றித் தரச் சொல்லலாமா?

வழக்குரைஞர்_திருச்சி:

பட்டம் வாங்கிய நாளில் பதிவேட்டில் என்ன பெயரோ அதுவேதான் மறுபிரதியிலும் வரும். எழுத்துப் பிழையாக இருந்தால், பத்தாம் வகுப்புச் சான்றை ஆதாரமாகக் காட்டித் திருத்தம் கேட்கலாம். உங்களுடையது பிழை இல்லை, இனிஷியலை விரித்தது மட்டும்தான். அதற்கு இரண்டும் ஒரே நபர்தான் என்ற உறுதிமொழிப் பத்திரம் பெரும்பாலும் போதும். பெயரையே மாற்றியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட்டு, அந்த இதழைப் பட்டத்தோடு இணைத்துக் காட்ட வேண்டும். நம் பக்கத்து இனிஷியல் வழக்கம் வெளிநாட்டுப் படிவங்களுக்குப் புரியாது. பிள்ளைகளுக்கு இப்போதே பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் அனுப்பும்போது பாஸ்போர்ட்டில் உள்ளது போலவே இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் எல்லாப் பெயரும் அதிலிருந்துதான் எடுக்கப்படும்.

கரூர்_மாணவன்:

வக்கீல் அண்ணா, என் விஷயம் வேறு. படிப்பு முடிந்து வருடக்கணக்காகிறது. நான் படித்த கல்லூரி, பாக்கிக் கட்டணம் என்று சொல்லி என் பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல்களையும் டி.சி.யையும் கையில் வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறார்கள். பட்டமும் கல்லூரிக்கே வந்திருக்கிறதாம். அப்பா கூலி வேலை. மொத்தமாகக் கட்ட வழியில்லை.

வழக்குரைஞர்_திருச்சி:

தம்பி, மனதைத் தளரவிடாதே. சான்றிதழ் விற்று வாங்கும் பொருள் இல்லை, அதைப் பணத்துக்குப் பிணையாகப் பிடித்து வைக்க ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆம் பிரிவு உரிமை தராது என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-இல் வெளியிட்ட அறிவிப்பும் மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. பாக்கி இருந்தால் அதை வசூலிக்க அவர்களுக்கு வேறு சட்ட வழி உண்டு.

முதலில் முதல்வருக்குப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு ஒரு கடிதம் அனுப்பு. வாய்மொழியாகக் கேட்டதற்கு எந்தச் சாட்சியும் இல்லை. நகலைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் அனுப்பு. பதில் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போ. கரூர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், வசதியில்லாதவர்களுக்கு வக்கீல் செலவு இல்லாமல் உதவி கிடைக்கும். எனக்குத் தனிச்செய்தி அனுப்பு, கடிதம் எழுத நானே உதவுகிறேன்.

அரியலூர்_ரவி:

நான் 2014-இல் பி.எஸ்சி. முடித்தேன். பட்டமே வாங்கவில்லை, ப்ரொவிஷனல் சான்றிதழை வைத்துக்கொண்டே ஓட்டிவிட்டேன். இப்போது கேட்டால் தருவார்களா?

பழைய_பேரேடு:

தருவார்கள். வாங்காத பட்டம் காலாவதியாவதில்லை. விழாவுக்குக் கட்டணம் கட்டி விண்ணப்பித்திருந்தீர்களா என்று பாருங்கள். கட்டியிருந்தால் கல்லூரி அலுவலக அலமாரியில் இருக்கலாம், அல்லது அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியிருக்கலாம். தபாலில் அனுப்பி, வீடு மாறியதால் திரும்பிப் போன பட்டங்களும் கட்டுக் கட்டாக இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் 'முகவரியில் இல்லை' என்று தபால்காரர் எழுதியிருப்பார். கட்டவே இல்லையென்றால் நேரில் வராதவர்களுக்கான படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சில இடங்களில் தாமதக் கட்டணம் உண்டு. தகுதி பெற்ற நாளிலிருந்து 180 நாளுக்குள் பட்டம் வழங்க வேண்டும் என்பது யு.ஜி.சி.யின் 2008 விதி. அதற்குப் பிறகும் ப்ரொவிஷனலோடு சுற்றுவதற்குக் காரணமே இல்லை. ப்ரொவிஷனல் பெயரிலேயே தற்காலிகச் சான்று. அட்டெஸ்டேஷனுக்குப் போனால் பட்டத்தைத்தான் கேட்பார்கள்.

மேட்டூர்க்காரன்:

நிலவரம் சொல்கிறேன். இன்ஸ்பெக்டர் சான்று வந்துவிட்டது. வக்கீல் சார் சொன்னபடி ஒவ்வொரு ஆவணமாக எழுதிக் கொடுத்ததால் எல்லாம் அதில் இருக்கிறது. தங்கச்சியே கிண்டிக்குப் போய் விண்ணப்பத்தைக் கொடுத்து ரசீது வாங்கிவிட்டாள். துபாய் நிறுவனமும் சேரும் தேதியைத் தள்ளிக் கொடுத்துவிட்டது, ஷார்ஜா அண்ணனுக்கு அவள் தனியாக நன்றி சொல்லச் சொன்னாள். இனி நாங்கள் என்ன கவனிக்க வேண்டும்?

பழைய_பேரேடு:

மகிழ்ச்சி தம்பி. ரசீது எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். விசாரிக்கும்போது பெயரைச் சொல்லாமல் அந்த எண்ணைச் சொல்லுங்கள். ரொம்ப நாள் பதிலே இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 'விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது' என்று ஒரே கேள்வி கேட்டு மனுப் போடலாம், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். ஆனால் முதலில் நேரில் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும்.

பட்டம் கைக்கு வந்ததும் கவுன்டரை விட்டு நகருவதற்கு முன் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர், பாடப்பிரிவு, வகுப்பு, தேர்ச்சி பெற்ற மாதம், வருடம் எல்லாவற்றையும் வீட்டில் இருக்கும் ஜெராக்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் அங்கேயே சொன்னால் அன்றே திருத்த வழி இருக்கிறது. ஊருக்கு வந்த பிறகு என்றால் அது தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். தபாலில் வருவதாக இருந்தால் அன்று வீட்டில் யாராவது இருக்க வேண்டும்.

மேட்டூர்க்காரன்:

சரி சார். நேரில் வாங்குவதாகத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறோம், நானும் கூடப் போகிறேன். ஜெராக்ஸையும் எடுத்துக்கொண்டே போகிறோம்.